போன் ஸ்டோரேஜ் வேகம்: டெஸ்டில் எண் ஏறுகிறது, போன் அப்படியே இழுக்கிறது

#1 | கடைசிப்பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக ஒரே ஆண்ட்ராய்டு போனை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 32 ஜிபி இஎம்எம்சி (போர்டில் ஒட்டியே வரும் ஃபிளாஷ் ஸ்டோரேஜ் சிப்), 3 ஜிபி ரேம். ஏழெட்டு மாதமாக இழுவை தாங்கவில்லை. ஒரு படம் எடுத்தால் அது சேமிக்கப்படும்வரை கேமரா உறைந்து நிற்கிறது. சாட் செயலியைத் திறந்தால் வெள்ளைத் திரை. எண்ணிப் பார்த்தேன், ஆறு வினாடி. பின்னணியில் ஏதாவது ஒரு செயலி அப்டேட் ஆகத் தொடங்கினால் அவ்வளவுதான், அழைப்பு வந்தால்கூட எடுக்க முடியாது. மணி அடிக்கும், திரை வராது.

போன் ஏற்கெனவே ரூட் செய்தது, அதாவது அமைப்பின் உள்ளே எதையும் மாற்றும் அனுமதி திறந்தது. அதனால் ஒரு பூஸ்டர் செயலி போட்டேன். அது கேச் அளவை 128-இலிருந்து 2048 ஆக்கியது. ஸ்பீடு டெஸ்டில் வாசிப்பு வேகம் 140 எம்பியிலிருந்து 230 எம்பிக்கு ஏறியது. சந்தோஷப்பட்டேன். கேமராவில் அதே உறைவு.

மீதி இடம் 900 எம்பி என்று காட்டுகிறது. 4096 வைத்துப் பார்க்கலாமா? வாசிப்பையும் எழுத்தையும் எந்த வரிசையில் சிப்புக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை மாற்ற வேண்டுமா? இல்லை, சிப்பே செத்துக்கொண்டிருக்கிறதா?

#2 | ரீபூட்ராஜா

4096 வைங்க. ஷெட்யூலரை நூப்புக்கு மாற்றுங்கள், ஃபிளாஷில் சுழலும் தட்டு கிடையாது, வரிசைப்படுத்தி என்ன பயன்? கூடவே கஸ்டம் கர்னல் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளின் மாற்றுப் பதிப்பு) போட்டு, எழுதியது பதிந்துவிட்டதா என்று காத்து நிற்க வைக்கும் எஃப்சிங்கை அணைத்துவிடுங்கள். என் பழைய போன் புதுசு மாதிரி ஓடுகிறது. பத்து நிமிட வேலை.

#3 | சாலிடர்

தம்பி ராஜா, கொஞ்சம் பொறுங்கள். எஃப்சிங்க் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கடைசிப்பக்கம், அந்த 2048 உங்கள் ஃபிளாஷின் வேகத்தைக் கூட்டவில்லை. அந்த எண்ணுக்குப் பெயர் ரீட் அஹெட். ஒரு கோப்பை வரிசையாக வாசிக்கும்போது, கேட்டதற்கு மேல் எவ்வளவு தூரம் முன்கூட்டியே வாசித்து ரேமில் வைக்கலாம் என்று கர்னலுக்குச் சொல்லும் வரம்பு அது. லினக்ஸில் வழக்கமாக 128 கேபி. ஸ்பீடு டெஸ்ட் ஒரே பெரிய கோப்பைத் தலையிலிருந்து கால்வரை வாசிக்கிறது, அதனால் எண் ஏறுகிறது. சாட் செயலி திறக்கும்போது நடப்பது வேறு. இங்கே 4 கேபி, அங்கே 8 கேபி என்று சிதறலாகத்தான் வாசிக்கும். அங்கே வரம்பைப் பெரிதாக்கினால் தேவையில்லாததையும் ரேமில் கொண்டுவந்து கொட்டும். 3 ஜிபி ரேமில் அது கெடுதல். 128-க்கே திரும்பிவிடுங்கள்.

அதோடு, உங்கள் சிக்கல் வாசிப்பில் இருப்பதாகவே எனக்குப் படவில்லை. நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியையும் பாருங்கள். படம் சேமிப்பது எழுத்து. செயலி அப்டேட் ஆவது எழுத்து. அழைப்புத் திரை வராதது மட்டும் வாசிப்பு, அதுவும் அந்த எழுத்து முடியக் காத்திருக்கும் வாசிப்பு. இஎம்எம்சியின் பாதை ஒருவழிப் பாலம் மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் தரவு போகும். எழுத்து பாலத்தில் நின்றுவிட்டால் பின்னால் வரும் எல்லாமே நிற்கும்.

சிப்புக்குள் என்ன நடக்கிறது என்றால்: அதில் இருக்கும் நேண்ட் வகை ஃபிளாஷில் எழுதுவது பேஜ் பேஜாக, 4 முதல் 16 கேபிவரை. அழிப்பது பிளாக் பிளாக்காக. ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள், சில எம்பி அளவு. எழுதின பேஜின் மேலேயே திரும்ப எழுத முடியாது. பிளாக் மொத்தத்தையும் அழித்தால்தான் அதில் மறுபடி இடம். ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்றால் சிலேட்டு முழுவதையும் கழுவ வேண்டும் என்பது போல. ஃபிளாஷ் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இதை உருவாக்கியபோது, மொத்தமாகச் சட்டென்று அழியும் விதம் கேமரா ஃபிளாஷை நினைவூட்டியதால் உடன் வேலை செய்தவர் அப்படிப் பெயர் சொன்னாராம். நேண்ட் வகையை 1987-இல் அறிவித்தார்கள்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு பேஜை வாசிக்கப் பத்துக்கணக்கான மைக்ரோ வினாடி. எழுதச் சில நூறு, ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி என்றால் அதற்கும் மேல். ஒரு பிளாக்கை அழிக்கச் சில மில்லி வினாடி. உங்கள் போன் அந்தக் கடைசி வரிசையில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது என்பது என் ஊகம். முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள். ஆறேழு ஜிபியாவது.

#4 | கடைசிப்பக்கம்

நன்றி ஐயா. 128 ஆக்கிவிட்டேன். ஒரு சந்தேகம். 900 எம்பி காலியாக இருக்கிறதே? ஒரு படம் 4 எம்பிதான். அதற்கு இடம் இருக்கும்போது ஏன் திணற வேண்டும்?

#5 | அடிமாடி

நான் கர்னல் பக்கம் வேலை செய்கிறவன். இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் பார்க்கும் 900 எம்பி கோப்பு முறைமையின் கணக்கு. சிப்பின் கண்ட்ரோலருக்கு அந்தக் கணக்கே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த முகவரியில் எப்போதோ ஏதோ எழுதப்பட்டது. நீங்கள் ஒரு கோப்பை நீக்கினால் கோப்பு முறைமை தன் நோட்டில் ஒரு கோடு அடிக்கிறது, அவ்வளவே. ‘இந்த முகவரிகளில் இருப்பது இனி வேண்டாம்’ என்று யாராவது தனியாகச் சொன்னால்தான் கண்ட்ரோலருக்குத் தெரியும். அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் டிரிம். சொல்லாதவரை அந்தக் குப்பையையும் பொக்கிஷம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் 4 எம்பி படம் வருகிறது. அழித்துத் தயாராக வைத்த பிளாக் கையில் இல்லை. கண்ட்ரோலர் என்ன செய்யும்? பாதி செல்லுபடியாகும், பாதி செல்லாத ஒரு பிளாக்கைப் பிடித்து, செல்லுபடியாகும் பேஜ்களை வேறிடத்துக்கு நகல் எடுத்து, பழையதை அழித்து, அப்புறம்தான் படத்தை எழுதும். இதுதான் குப்பை சேகரிப்பு. காலியிடம் நிறைய இருந்தால் இதையெல்லாம் ஓய்வாக இருக்கும்போது செய்துவைத்துக்கொள்ளும். இடம் இல்லையென்றால் நீங்கள் ஷட்டரை அழுத்திய பிறகு, உங்கள் கண் முன்னால் செய்யும். பிளாக்கில் பத்தில் ஒன்பது பேஜ் செல்லுபடியாக இருந்தால் ஒரு பங்கு இடத்துக்காக ஒன்பது பங்கு நகல் எழுத வேண்டும். ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப வேகம் படிப்படியாகக் குறையாது, கடைசியில் ஒரே சரிவாகச் சரியும். காரணம் இந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் உண்டு. டிஎல்சி சிப்புகள் பலவற்றில் ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று எஸ்எல்சி போலப் பயன்படுத்தி, வரும் எழுத்தை முதலில் அங்கே வேகமாக வாங்கிக்கொள்வார்கள். இந்த இடம் காலியிடத்தைப் பொறுத்துச் சுருங்கி விரியும் வடிவமைப்பும் உண்டு. அப்படிப்பட்ட சிப் நிரம்பினால் அந்த வேகமான வாசலும் குறுகிவிடும்.

சாட் செயலியின் ஆறு வினாடிக்கு வருவோம். பெரும்பாலான செயலிகள் தங்கள் தரவை எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் வைக்கின்றன. ஒரு செய்தி வந்தால் நூறு பைட் இருக்குமா? அதைப் பாதுகாப்பாகப் பதிக்க, பழைய முறையில், முதலில் ஜர்னல் கோப்பில் பழைய நிலையை எழுதி எஃப்சிங்க், அப்புறம் டேட்டாபேஸில் எழுதி எஃப்சிங்க், அப்புறம் ஜர்னலை நீக்குவது. அடியில் இருக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை தனக்கென்று ஒரு ஜர்னல் வைத்திருக்கிறது. எஸ்க்யூலைட்டின் ஜர்னல் கோப்பு உருவாவது, வளர்வது, நீங்குவது எல்லாவற்றையும் அது தன் ஜர்னலில் பதிகிறது. குறிப்பேட்டுக்கு ஒரு குறிப்பேடு. நூறு பைட் செய்தி பத்துக்கணக்கான கேபி எழுத்தாக ஃபிளாஷுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு எஃப்சிங்கிலும் ‘எழுதி முடித்தாயா’ என்று கேட்டுவிட்டுச் செயலி காத்து நிற்கும். காலை எழுந்தவுடன் முந்நூறு செய்தி ஒன்றாக வந்து விழுந்தால் யோசித்துப் பாருங்கள்.

2010-இல் எஸ்க்யூலைட் வால் (ரைட் அஹெட் லாக்) என்ற முறையைக் கொண்டுவந்தது. மாற்றங்களை ஒரே கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும், எஃப்சிங்க் குறைவு. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து அதன் ஒரு வடிவம் இயல்பாகவே இயங்குகிறது. செயலி எழுதுகிறவர்கள் யாராவது படித்தால்: ஆயிரம் வரிசையைச் சேர்க்க ஆயிரம் டிரான்சாக்ஷன் போடாதீர்கள். ஒன்றே போடுங்கள். பயனர் எந்தப் பூஸ்டர் போட்டும் கிடைக்காத வேகம் உங்கள் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

2012-இல் ஸ்டோரேஜ் ஆய்வுகளுக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று நாம் திட்டிக்கொண்டிருந்த பல இடங்களில் உண்மையில் ஸ்டோரேஜின் சிறு சிறு சிதறல் எழுத்துதான் இழுத்துக்கொண்டிருந்தது.

#6 | ரீபூட்ராஜா

எல்லாம் சரி. ஆனால் நான் நூப் போட்ட மறுநிமிடமே என் போன் வேகமானது. அது பொய்யா?

#7 | அடிமாடி

பொய் இல்லை. நூப் போட ரீபூட் செய்தீர்கள்தானே? ரீபூட் ஆன எந்தப் போனும் முதல் ஒரு மணி நேரம் வேகமாகத்தான் இருக்கும். ஷெட்யூலரில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்பதை மறுக்கவில்லை. முன்னணிச் செயலியின் வாசிப்பைப் பின்னணி எழுத்துக்கு முன்னால் நுழைத்துவிடும் ஷெட்யூலர் இருந்தால் அழைப்புத் திரை சீக்கிரம் வரலாம். நூப் அதைச் செய்யாது, வந்த வரிசையில் அனுப்பிவிடும். அதாவது இவருடைய சிக்கலுக்கு நீங்கள் சொன்னது நேர் எதிர் மருந்து.

எஃப்சிங்கை அணைத்தால் வேகம் வரும், அதில் சந்தேகமே இல்லை. பூட்டைக் கழற்றிவிட்டால் கதவு சீக்கிரம் திறக்கும்.

#8 | கடைசிப்பக்கம்

காலையிலிருந்து வீடியோக்களாக நீக்கிக்கொண்டிருக்கிறேன். 9 ஜிபிக்கு மேல் நீக்கியிருப்பேன். அமைப்புகளில் போய்ப் பார்த்தால் மீதி இடம் 1 ஜிபி! எங்கே போனது?

#9 | மின்மினி

கேலரியில் குப்பைத்தொட்டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பாருங்கள். முப்பது நாள் வைத்திருந்துவிட்டுத்தான் நிஜமாக நீக்கும். நானும் ஏமாந்திருக்கிறேன்.

#10 | கடைசிப்பக்கம்

அதேதான்! காலி செய்தேன். இப்போது 10.2 ஜிபி மீதி. ஆனால் ஐயா, கேமரா இன்னும் உறைகிறதே. துளிகூட மாற்றமில்லை. அப்போது சிப்தான் போச்சா?

#11 | சாலிடர்

அவசரப்படாதீர்கள். கோடு அடித்திருக்கிறீர்கள், கண்ட்ரோலருக்குச் சொல்லவில்லை. அடிமாடி மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

ஆண்ட்ராய்டு 4.3-இலிருந்து, அதாவது 2013-இலிருந்து, போன் ஓய்வாக இருக்கும்போது தானாகவே டிரிம் ஓட்டிக்கொள்ளும். அதற்கு முன் வந்த கருவிகள் சில மாதத்திலேயே நத்தையாகிவிடும். எத்தனை பேர் ரேம் போதவில்லை என்று முடிவுகட்டிப் போனை மாற்றினார்களோ தெரியாது. ஆனால் ‘ஓய்வு’ என்பதற்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அர்த்தம் கறாரானது. திரை அணைந்திருக்க வேண்டும், நீண்ட நேரம் யாரும் தொட்டிருக்கக் கூடாது, சார்ஜில் இருக்க வேண்டும் அல்லது பேட்டரி போதுமான அளவு இருக்க வேண்டும்.

அதனால் ஒரு கேள்வி. இரவில் உங்கள் போன் என்ன செய்கிறது?

#12 | கடைசிப்பக்கம்

தலைமாட்டில் இருக்கும். சார்ஜில்தான். கடிகாரச் செயலி ஒன்று போட்டிருக்கிறேன், இரவு முழுக்க மங்கலாக நேரம் காட்டிக்கொண்டிருக்கும்.

ஓ.

#13 | சாலிடர்

ஆமாம், ஓ.

எத்தனை மாதமாக அந்தக் கடிகாரம்?

#14 | கடைசிப்பக்கம்

ஒரு வருடம் இருக்கும். திரை அணையவே அணையாது, அந்தச் செயலியின் பெருமையே அதுதான்!

#15 | அடிமாடி

ரூட் இருப்பதால் காத்திருக்க வேண்டாம். டெர்மினல் செயலியில் சூப்பர்யூசராக நுழைந்து எஃப்எஸ்டிரிம் கட்டளையை டேட்டா பகுதியின் மேல் ஓட்டுங்கள். எவ்வளவு டிரிம் ஆனது என்று கடைசியில் சொல்லும். சில நிமிடம் போன் நின்றுபோன மாதிரி இருக்கும், பயந்து பேட்டரியைக் கழற்றாதீர்கள். முடிந்ததும் திரையை அணைத்துச் சார்ஜில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். டிரிம் என்பது கண்ட்ரோலருக்கு அனுமதிதான். அழிக்கும் வேலையை அது தன் நேரத்தில் செய்யும்.

ரூட் இல்லாதவர்கள் இதற்காக ரூட் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று இரவு திரையை அணைத்துச் சார்ஜில் விட்டாலே ஓடிவிடும். எஃப்2எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமை உள்ள போன்களில் கோப்பு முறைமையின் சொந்தக் குப்பை சேகரிப்பும் அந்த நேரத்தில்தான் மும்முரமாக நடக்கும்.

#16 | மின்மினி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான். உள் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று இருக்கிறது, கிளாஸ் 10. அதை உள் ஸ்டோரேஜோடு இணைத்துவிட்டால் இடமும் கிடைக்கும், சுமையும் பகிரும் அல்லவா?

#17 | சாலிடர்

சுமை பகிராது. மெதுவான மாட்டை வேகமான மாட்டோடு ஒரே ஏரில் பூட்டுவது மாதிரி ஆகிவிடும்.

கிளாஸ் 10 என்றால் வரிசையாக எழுதும்போது வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி. வீடியோ பதிவுக்காக வந்த அளவுகோல் அது. செயலிகளுக்கு வேண்டியது சிதறலான 4 கேபி எழுத்து. நான் மேலே சொன்ன 2012 ஆய்வு... மன்னிக்கவும், அடிமாடி சொன்ன ஆய்விலேயே, கிளாஸ் எண் அதிகமான கார்டு குறைவான கார்டைவிட மோசமாக ஓடிய உதாரணங்கள் இருந்தன. பிற்பாடு இதற்கென்றே ஏ1, ஏ2 என்று முத்திரை வந்தது. ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1500 சிதறல் வாசிப்பு, 500 சிதறல் எழுத்து. ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2 கார்டின் அந்த வேகம் கிடைக்க, கட்டளை வரிசையையும் கார்டின் கேச்சையும் போன் ஆதரிக்க வேண்டும். ஆதரிக்காத போனில் ஏ2 போட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கார்டை உள் ஸ்டோரேஜாக்கும் வசதி 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்தது. ஆக்கினால் கார்டு அந்தப் போனின் சாவியோடு குறியாக்கம் ஆகிவிடும். போன் கெட்டால் கார்டில் இருப்பதை வேறெங்கும் படிக்க முடியாது. என் யோசனை: கார்டைத் தனியாகவே வைத்து, படம், வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் அதற்குத் தள்ளுங்கள். வரிசை எழுத்து கார்டுக்கு, சில்லறை எழுத்து உள்ளே. உள் ஸ்டோரேஜில் காலியிடம் பெருகினால் அதுவே வேகம்.

#18 | மின்மினி

ஹ்ம்ம். இணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் இங்கே வந்து கேட்டேன். கார்டு மெதுவாக இருக்கிறது என்று அதுவே எச்சரித்தது. தொடர் என்று கொடுத்துவிட்டேன்.

#19 | ரீபூட்ராஜா

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எஃப்சிங்க் அணைத்த கர்னலைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். உண்மையில் அந்தப் போன் ஒருமுறை பேட்டரி தீர்ந்து பட்டென்று அணைந்தது. திரும்ப வந்தபோது தொடர்புப் பட்டியல் முழுவதும் காலி, சாட் செயலியில் ‘டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது’ என்று வந்தது. அப்போது கார்டைத்தான் திட்டினேன். இப்போதுதான் புரிகிறது. கடைசிப்பக்கம், நான் சொன்ன மூன்றாவது யோசனையை மறந்துவிடுங்கள். முதல் இரண்டையும்கூட.

#20 | வண்டிக்காரன்

இழையை முழுக்கப் படித்தேன். என் போனில் மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை. 64 ஜிபி இஎம்எம்சி, 20 ஜிபி எப்போதும் காலி. இரவில் திரை அணைந்து சார்ஜில்தான் கிடக்கிறது. டிரிம் கையாலும் ஓட்டினேன். ஃபேக்டரி ரீசெட் அடித்தேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. பழைய படங்களைத் திறப்பதுகூடத் தாமதம். வாங்கி இரண்டரை வருடம்தான். வாடகை வண்டி ஓட்டுகிறேன், போன் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும்.

#21 | அடிமாடி

கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி... டேஷ்கேம் செயலி ஓடுகிறதா?

#22 | வண்டிக்காரன்

ஆமாம். வண்டி ஓடும் நேரம் முழுக்க. தினம் எட்டு மணி நேரம். பழையதைத் தானே அழித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி எழுதும்.

#23 | அடிமாடி

உங்கள் போனில் ரூட் இருந்தால் இஎம்எம்சியின் ஆயுள் மதிப்பீட்டைப் பாருங்கள். இஎம்எம்சி 5.0-இலிருந்து சிப்பே தன் தேய்மானத்தைச் சொல்லும். 1 என்றால் பத்து சதவீதத்துக்குள் தேய்ந்திருக்கிறது, 2 என்றால் பத்திலிருந்து இருபது, இப்படியே போகும். 11 வந்தால் கணக்கிட்ட ஆயுள் முடிந்தது. இஎம்எம்சிக்கு அடுத்து வந்த ஸ்டோரேஜ் வகையான யூஎஃப்எஸ்ஸிலும் இதேபோல் உண்டு.

#24 | வண்டிக்காரன்

பார்த்தேன். இரண்டு எண் காட்டுகிறது. ஒன்று 2, இன்னொன்று 9.

#25 | அடிமாடி

இரண்டு எண் வருவது இரண்டு வகைப் பகுதிகளுக்கு. 9 வந்திருப்பதுதான் உங்கள் தரவு கிடக்கும் பெரிய பகுதியாக இருக்கும். எண்பதிலிருந்து தொண்ணூறு சதவீதம் தேய்ந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080பி வீடியோ வினாடிக்கு 17 மெகாபிட் என்றால் மணிக்குச் சுமார் 7.5 ஜிபி. எட்டு மணி நேரம், 60 ஜிபி. அதாவது தினமும் உங்கள் ஸ்டோரேஜ் முழுவதையும் ஏறக்குறைய ஒருமுறை எழுதுகிறீர்கள். டிஎல்சி செல் ஆயிரம் முறை அழித்தெழுதத் தாங்கும் என்று வைத்தால் 64 ஜிபிக்கு மொத்தம் 64 டிபி. இரண்டரை வருடம் என்பது 900 நாள், 54 டிபி. எண்பத்து நான்கு சதவீதம். உங்கள் சிப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

செல்லில் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய ஆக்சைடு படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தேய்ந்த செல் மின்னூட்டத்தை ஒழுகவிடும். அதனால் வாசித்தால் பிழை வருகிறது, கண்ட்ரோலர் வாசிப்பு அளவை மாற்றி மாற்றித் திரும்பப் படிக்கிறது. உங்கள் பழைய படங்கள் தாமதமாகத் திறப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். வெயிலில் காயும் போனில் ஒழுகல் இன்னும் வேகம்.

இது போனில் மட்டும் நடப்பதில்லை. டெஸ்லா கார்களின் நடுத் திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி இஎம்எம்சி இப்படித்தான் ஓயாத எழுத்தால் தேய்ந்து போனது. 2021-இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அத்தனை பெரிய வண்டி, தீர்ந்துபோனது விரல்நகம் அளவு சிப்.

#26 | சாலிடர்

வண்டிக்காரன் அண்ணே, இன்றைக்கே முதலில் பேக்கப். அப்புறம் டேஷ்கேமை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள். ஓயாத பதிவுக்கென்றே அதிக எழுத்து தாங்கும் கார்டுகள் வருகின்றன, அதை எடுங்கள். கார்டு தேய்ந்தால் தூக்கிப் போட்டு வேறு போடலாம். போர்டில் ஒட்டிய சிப்பை அப்படிச் செய்ய முடியாது. நான் செய்வேன், ஆனால் பத்தில் இரண்டு பலகை என் கையிலேயே போகும்.

ரேமை நீட்டிக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதையும் அணையுங்கள். ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது அது. ரேமில் நடக்க வேண்டிய ஓயாத எழுத்து ஃபிளாஷில் நடக்கும். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் இசட்ரேம் தானாகவே இருக்கிறது, அது போதும்.

#27 | நூல்கண்டு

ஈஎக்ஸ்டி4-ஐ எஃப்2எஃப்எஸ்ஸாக மாற்றினால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

#28 | அடிமாடி

எஃப்2எஃப்எஸ் நல்ல கோப்பு முறைமை. சாம்சங்கில் எழுதி 2013-இல் லினக்ஸ் 3.8-இல் சேர்ந்தது. எழுத்தெல்லாம் ஒரு பதிவேடு போல வரிசையாகவே போகும்படி மாற்றிவிடும். அடிக்கடி மாறும் தரவையும் எப்போதாவது மாறும் தரவையும் வேறு வேறு இடத்தில் எழுதும். அதனால் கண்ட்ரோலர் ஒரு பிளாக்கை அழிக்கும்போது நகல் எடுக்க வேண்டிய மிச்சம் குறைவு. சின்னச் சின்ன எஃப்சிங்கில் நல்ல வித்தியாசம் தெரியும். இரட்டிப்பு என்பது வீடியோ தலைப்பு.

மாற்றினால் டேட்டா மொத்தமும் அழியும், கர்னல் ஆதரிக்க வேண்டும், பழைய கர்னலில் இருக்கும் பழைய பதிப்பில் பிழைகளும் பழையவை. இடம் நிரம்பினால் எஃப்2எஃப்எஸ்ஸும் திணறும், வரிசையாக எழுத இடம் வேண்டுமே. கோப்புகளும் துண்டு துண்டாகச் சிதறும். ஃபிளாஷில் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது போன்ற முள் நகராது என்பதால் சிதறல் பாதிக்காது என்பார்கள். முள் நகராதுதான், ஆனால் ஒரு பெரிய கட்டளை போக வேண்டிய இடத்தில் ஐம்பது சிறிய கட்டளை போகும், ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. புதுப் போன்கள் பலவற்றில் டேட்டா பகுதி எஃப்2எஃப்எஸ்ஸில்தான் வருகிறது. உங்கள் போன் எதில் வந்ததோ அதிலேயே விடுங்கள்.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் இஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸா என்று மட்டும் பார்த்தால் போதும். யூஎஃப்எஸ்ஸில் போகவும் வரவும் தனித்தனிப் பாதை, எழுதும்போதே வாசிக்கலாம். கட்டளைகளை வரிசைகட்டி அனுப்பும் வசதி அதில் முதலிலிருந்தே உண்டு, இஎம்எம்சிக்கு அது 2015-இல் 5.1-இல்தான் வந்தது. 3.1, 4.0 என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். அன்றாடப் பயன்பாட்டில் இஎம்எம்சியிலிருந்து யூஎஃப்எஸ்ஸுக்குத் தாவும்போது தெரியும் வித்தியாசம் அந்தப் பதிப்புகளுக்குள் தெரியாது.

#29 | கடைசிப்பக்கம்

நான்கு நாள் கழித்து வருகிறேன். எஃப்எஸ்டிரிம் ஓட்டியதில் 9.8 ஜிபி என்று வந்தது. முதல் ஐந்து நிமிடம் போன் கல்லாக நின்றது, அடிமாடி எச்சரித்திருக்காவிட்டால் கண்டிப்பாகப் பேட்டரியைக் கழற்றியிருப்பேன். இரவு திரையை அணைத்து வைத்தேன்.

அளந்தே பார்த்தேன். ஒரே செயலியை நீக்கி மறுபடி நிறுவ முன்பு 1 நிமிடம் 50 வினாடி, இப்போது 34 வினாடி. சாட் செயலி இரண்டு வினாடிக்குள் திறக்கிறது. கேமரா உறைவதில்லை, அடுத்தடுத்து இருபது படம் எடுத்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

ஸ்பீடு டெஸ்ட்டையும் ஓட்டினேன். வாசிப்பு 140 எம்பி. முதல் நாள் எவ்வளவு இருந்ததோ அதே!

தலைமாட்டுக்குத் தனியாக ஒரு கடிகாரம் வைத்துவிட்டேன். டிக்டிக் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, அது வேறு இழைக்கான விஷயம்.

#30 | வண்டிக்காரன்

பேக்கப் எடுத்துவிட்டேன். டேஷ்கேம் இப்போது கார்டில் எழுதுகிறது. ரேம் நீட்டிப்பு 4 ஜிபி ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தேன். வேகம் பெரிதாக மாறவில்லை, ஆனால் 9 என்பது 9-ஆகவே நிற்கிறது. இந்தப் போனை வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

மின்மினி, உங்கள் கார்டு என்ன ஆயிற்று?

#31 | மின்மினி

அதைக் கேட்காதீர்கள். இணைப்பைப் பிரிப்பதற்காக டேட்டாவை உள்ளே நகர்த்தக் கொடுத்தேன். உள்ளே இடம் இல்லை என்கிறது.

#32 | சாலிடர்

கேலரியின் குப்பைத்தொட்டியைப் பார்த்தீர்களா?

#33 | மின்மினி

...ஒரு நிமிடம்.